உறையில் ஒரு வேகம், கணினியில் ஒரு வேகம்: வன்வட்டை அளந்து அறியும் முறை

புதிதாக வாங்கிய வன்வட்டின் உறையில் ‘நொடிக்கு 6 கிகாபிட்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்க, திரைப்படக் கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது திரையில் 140 மெகாபைட் என்றும், ஒளிப்படங்கள் நிறைந்த கோப்புறையை நகலெடுக்கும்போது 2 மெகாபைட் என்றும் காட்டினால், பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்ற ஐயம் எழுவது இயல்பு. பெரும்பாலான நேரங்களில் வட்டில் ஒரு குறையும் இராது. உறையிலுள்ள எண்ணும் பொய்யன்று. ஆனால் அது வட்டின் வேகமன்று, வட்டைக் கணினியோடு சேர்க்கும் இணைப்பின் வேகம் என்பதை உறை சொல்லாமல் விட்டுவிடுகிறது. உங்கள் வட்டிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம், அதை எப்படி அளப்பது, அளந்ததில் எது இயல்பு, எது கோளாறு என்பவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

முதற்படி: அலகுகளைச் சரிசெய்துகொள்ளுங்கள்

இணைப்புகளின் வேகத்தைப் பிட்டிலும் கோப்புகளின் அளவைப் பைட்டிலும் குறிப்பது வழக்கம். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால், 6 கிகாபிட்டை 8ஆல் வகுத்து 750 மெகாபைட் என்று கணக்கிடத் தோன்றும். அது சரிவராது. கணினிக்குள் வட்டைச் சேர்க்கும் சாட்டா இணைப்பு ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றித்தான் கம்பியில் அனுப்புகிறது. மறுமுனை அதைப் பிசகின்றிப் பிரித்தறிய அந்தக் கூடுதல் பிட்டுகள் தேவைப்படுகின்றன. ஆகவே 10ஆல் வகுக்க வேண்டும். சாட்டாவின் மூன்று தலைமுறைகளான 1.5, 3, 6 கிகாபிட் ஆகியவை முறையே நொடிக்கு 150, 300, 600 மெகாபைட் ஆகின்றன.

வெளியே இணைக்கும் வட்டுகளுக்கு யூ.எஸ்.பி. கணக்கு வேறு. யூ.எஸ்.பி. 2.0இன் 480 மெகாபிட் தாளில் 60 மெகாபைட். கட்டளைகளும் ஒப்புகைகளும் அதே கம்பியில் போய்வருவதால் கைக்குக் கிடைப்பது 30 முதல் 40 வரைதான். யூ.எஸ்.பி. 3.0இன் 5 கிகாபிட்டும் சாட்டாவைப் போலவே 10 பிட் முறையில் செல்வதால் அதன் உச்சம் 500 மெகாபைட். இதே 5 கிகாபிட் இணைப்பு பின்னர் 3.1 ஜென் 1 என்றும், 3.2 ஜென் 1 என்றும் பெயர் மாற்றப்பட்டது. எண் கூடியிருப்பதைப் பார்த்து வேகமும் கூடியிருப்பதாக நினைத்துவிட வேண்டாம்.

இன்னொரு சிறு வேறுபாடும் உண்டு. வட்டு தயாரிப்பவர்களுக்கு ஒரு மெகாபைட் என்பது 10,00,000 பைட். விண்டோஸுக்கு அது 10,48,576 பைட். 1 டெராபைட் வட்டை விண்டோஸ் 931 கிகாபைட் என்று காட்டுவதற்கும், 200 என்று குறிப்பிட்ட வேகம் நகலெடுக்கும் சாளரத்தில் 190ஐ ஒட்டி நின்றுவிடுவதற்கும் இதுவே காரணம். எதுவும் தொலைந்துபோகவில்லை.

இரண்டாம் படி: தட்டின் எல்லையைக் கணக்கிடுங்கள்

வன்வட்டுக்குள், தடம் எனப்படும் வட்டக் கோடுகளில் தரவு பதிந்த, காந்தப் பூச்சுள்ள தட்டுகள் சுழல்கின்றன. அவற்றின் மேல் மயிரிழைக்கும் குறைவான இடைவெளியில் வாசிப்புத் தலை மிதக்கிறது. தலைக்குக் கீழே எவ்வளவு தரவு கடந்து போகிறதோ அவ்வளவைத்தான் வட்டு தர முடியும். நிமிடத்திற்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. அப்படிச் சுழலும் வட்டின் வெளித்தடம் ஒன்றில் 1.5 மெகாபைட் பதிந்திருந்தால், நொடிக்கு 180 மெகாபைட் தலையைக் கடக்கும். 600 மெகாபைட் தாங்கும் கேபிளைப் போட்டாலும், அதைவிடப் பெரிய இணைப்பைக் கண்டுபிடித்துக்கொண்டுவந்தாலும், அந்த 180இல் ஒன்றுகூட ஏறாது.

நான்கைந்து தட்டுகள் இருப்பதால் எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் படிக்கும் என்று பலர் கருதுகிறார்கள். எல்லாத் தலைகளும் ஒரே கையில் பொருத்தப்பட்டவை. தடங்கள் மிக நெருக்கமாக இருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு தலையை மட்டுமே தடத்தின் மேல் துல்லியமாக நிறுத்த முடியும். சேவையகங்களுக்கென வந்துள்ள இரட்டைக் கை வட்டுகள் மட்டும் இதற்கு விலக்கு.

வேகம் எங்கும் ஒரே சீராகவும் இராது. தட்டின் வெளி விளிம்பில் தடம் நீளமானது; அங்கே உள்தடத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு தரவு பதிந்திருக்கும். சுழலும் வேகம் மாறாததால், வெளியே 180 தரும் வட்டு உள்ளே 90ஐ ஒட்டி இறங்கிவிடும். வட்டு வெளியிலிருந்து உள்நோக்கி நிரம்பிவருவதால், வாங்கிய வாரத்தில் பார்த்த வேகம், வட்டு நிறைந்த பிறகு எழுதும் கோப்புகளுக்குக் கிடைக்காது. வட்டு முழுவதையும் ஒருமுறை படிக்க ஆகும் நேரத்தைக் கணக்கிட உச்ச வேகத்தின் முக்கால் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 180இன் முக்கால் 135. அந்த வேகத்தில் 4 டெராபைட் வட்டை முழுக்கப் படிக்க 8 மணி நேரத்துக்குமேல் ஆகும். உறையிலுள்ள எண்ணை நம்பிக் கணக்குப் போட்டவர் 2 மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று காத்திருப்பார்.

மாதிரிக்குச் சில எண்கள்: 5,400 சுற்றுள்ள மடிக்கணினி வட்டுகள் வெளி விளிம்பில் 100 முதல் 140 வரையும், 7,200 சுற்றுள்ள மேசைக்கணினி வட்டுகள் 150 முதல் 210 வரையும், 18 டெராபைட்டும் அதற்கு மேலும் கொள்ளும் அண்மைக்கால வட்டுகள் 260க்கு மேலும் தரும். இவற்றில் பெரும்பாலானவை 300ஐத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். பழைய கணினியில் 3 கிகாபிட் சாட்டா துளைதான் இருக்கிறது என்று வன்வட்டுக்காகப் புதிய கட்டுப்பாட்டு அட்டை வாங்குவது வீண்செலவு. சுழலும் தட்டின்றிச் சில்லுகளில் தரவைப் பதியும் எஸ்.எஸ்.டி.க்கு அது பொருந்தாது; நொடிக்கு 550 மெகாபைட் தரும் சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு 6 கிகாபிட் துளை உண்மையிலேயே வேண்டும்.

மூன்றாம் படி: சரியான எண்ணைத் தேடிப் பிடியுங்கள்

வட்டின் மேலுள்ள மாதிரி எண்ணைக் கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் அதன் டேட்டா ஷீட்டை (விவரத்தாளை) எடுத்துப் பாருங்கள். இணைப்பு வேகத்துக்குத் தனி வரியும், தொடர்ச்சியான பரிமாற்றத்தின் உச்சத்துக்குத் தனி வரியும் இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. அதுவும் வெளி விளிம்பில் அளந்த உச்சமே தவிர சராசரியன்று. வட்டு தரவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் கேச் நினைவகம் 64 மெகாபைட்டா 256 மெகாபைட்டா என்பதையும் அதே தாள் பெருமையாகச் சொல்லும். பெரிய கோப்புகளை நகலெடுப்பவருக்கு அதனால் பெரிய மாற்றமில்லை, ஏனெனில் 256 மெகாபைட் என்பது இரண்டு நொடி வேலை.

நான்காம் படி: அளந்து பாருங்கள்

கருவிகளுக்குப் போகுமுன், நகலெடுக்கும் சாளரத்தை ஏன் நம்பக் கூடாது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய கோப்பு ஒன்றை வன்வட்டுக்கு நகலெடுக்கத் தொடங்கியதும் வேகம் 400, 500 என்று பாயும்; சில நொடிகளில் சரிந்து 130இல் வந்து நிற்கும்; கடைசியில் 99 விழுக்காட்டில் அசையாமல் கிடக்கும். தொடக்கத்தில் கண்டது கணினியின் ரேம் நினைவகத்தின் வேகம். இயங்குதளம் தரவை முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு வட்டில் எழுதுகிறது. ரேமில் ஒதுக்கிய இடம் நிரம்பியதும் வட்டின் உண்மை வேகம் வெளிப்படுகிறது. 99இல் நிற்கும்போது தேங்கியது எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் வெளிவட்டின் கேபிளைப் பிடுங்கினால் கோப்பு சிதைந்துபோகும். பாதுகாப்பாக நீக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதே முறை.

கருவி எதுவும் இல்லாமலே ஓரளவு சரியாக அளக்கலாம். கணினியின் ரேமைவிடப் பெரிய ஒற்றைக் கோப்பு ஒன்றை, வன்வட்டைவிட வேகமான இடத்திலிருந்து, அஃதாவது உள்ளேயுள்ள எஸ்.எஸ்.டி.யிலிருந்து, வன்வட்டுக்கு நகலெடுத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 20 கிகாபைட் கோப்புக்கு 140 நொடி ஆனால் வேகம் 143 மெகாபைட். பென் டிரைவிலிருந்து நகலெடுத்தால் அளக்கப்படுவது பென் டிரைவ்தான். அதேபோல, ரேமுக்குள் அடங்கக்கூடிய கோப்பை எழுதிய கையோடு திரும்பப் படித்துப் பார்த்து வட்டு பறக்கிறது என்று மகிழ வேண்டாம். அது ரேமிலிருந்தே வந்திருக்கும். வலையமைப்பு வழியாக வேறொரு கணினிக்கு அனுப்பிப் பார்த்தால், 1 கிகாபிட் வலையமைப்பின் 125 மெகாபைட் எல்லை குறுக்கே நிற்கும்.

விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் போதுமானது. சோதனைக் கோப்பின் அளவைச் சற்றுப் பெரிதாகவே வையுங்கள். தொடர் வாசிப்புக்கான வரியை டேட்டா ஷீட்டின் எண்ணோடு ஒப்பிடலாம். மேக் கணினியில் பிளாக்மேஜிக் டிஸ்க் ஸ்பீடு டெஸ்ட் அதே வேலையைச் செய்யும். ஆனால் இவை வட்டில் காலியாக உள்ள ஏதோ ஓரிடத்தில் கோப்பை எழுதி அளப்பவை. அந்த இடம் வெளியே இருந்ததா உள்ளே இருந்ததா என்று அவை சொல்வதில்லை. வெளி விளிம்பிலிருந்து உள்வரை வட்டு முழுவதற்கும் வேகத்தின் வளைகோட்டை வரைந்து காட்டும் கருவியே எனக்கு உகந்தது: விண்டோஸில் எச்.டி. டியூன், லினக்ஸில் க்னோம் டிஸ்க்ஸ். இவற்றில் வாசிப்புச் சோதனையை மட்டும் ஓட்டுங்கள். எழுதும் சோதனை வட்டிலுள்ள தரவை அழித்துவிடக்கூடும். தரவுள்ள வட்டில் அந்தப் பொத்தானின் பக்கமே போக வேண்டாம். சோதனை ஓடும்போது மற்ற நிரல்களை மூடிவிடுங்கள். வைரஸ் தடுப்பான் பின்னணியில் வட்டைத் துழாவிக்கொண்டிருந்தால் அளவு கெடும்.

ஐந்தாம் படி: வளைகோட்டைப் படியுங்கள்

ஒற்றை எண்ணைக் காட்டிலும் கோட்டின் வடிவம் அதிகம் சொல்லும். இடப்பக்கம் 180இல் தொடங்கி, சிறுசிறு படிகளாக இறங்கி, வலப்பக்கம் 90ஐ ஒட்டி முடிந்தால் வட்டு நலமாக இருக்கிறது, எல்லை தட்டினுடையது, அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.

கோடு முதலிலிருந்து கடைசிவரை தட்டையாக ஓடினால், தடை தட்டில் இல்லை, வழியில் இருக்கிறது. 35இல் தட்டையாக நின்றால் அது யூ.எஸ்.பி. 2.0 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். துளையை மாற்றுங்கள், கேபிளையும் பாருங்கள். வெளிவட்டுகள் பலவற்றில் உள்ள அகன்ற மைக்ரோ துளையின் ஒரு பாதிக்குள் பழைய கைப்பேசியின் குறுகிய கேபிள் சரியாகப் பொருந்திவிடும்; வட்டும் இயங்கும்; ஆனால் பழைய வேகத்தில்தான் இயங்கும். சி வகைக் கேபிள்களிலும், மின்னேற்றுவதற்கென்று கொடுக்கப்படுபவை பெரும்பாலும் யூ.எஸ்.பி. 2.0 கம்பிகளை மட்டுமே கொண்டவை. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. கோட்டின் தொடக்கம் மட்டும் தட்டையாக இருந்து, பாதியில் இறங்கத் தொடங்கினால், இணைப்பின் எல்லை தட்டின் வெளி விளிம்பைவிடச் சற்றே குறைவு என்று பொருள்.

இறங்கும் கோட்டில் ஆங்காங்கே ஆழமான பள்ளங்கள் விழுந்தால் சோதனையை மீண்டும் ஓட்டுங்கள். பள்ளங்கள் இடம் மாறினால் வேறு நிரல் ஏதோ வட்டைத் தொட்டிருக்கிறது. அதே இடத்தில் மறுபடியும் விழுந்தால், அங்குள்ள செக்டர்களை (தடத்தின் சிறு கூறுகளை) வட்டு பலமுறை முயன்றே படிக்கிறது என்று கருத வேண்டும். அதைக் கடைசிப் படியில் பார்ப்போம்.

ஆறாம் படி: சிறு கோப்புகளின் கணக்கைத் தனியாகப் போடுங்கள்

புதியவர்களின் முறையீடுகளில் பாதிக்குமேல் இதைப் பற்றியவைதாம். தொடர் வேகம் 180 என்று அளந்தாயிற்று. பிறகு ஏன் ஒளிப்படக் கோப்புறை 2 மெகாபைட்டில் ஊர்கிறது?

ஒரு கோப்பைப் படிக்கத் தலை முதலில் உரிய தடத்துக்கு நகர வேண்டும். மேசைக்கணினி வட்டில் இதற்குச் சராசரியாக 8 அல்லது 9 மில்லிநொடி ஆகும். பிறகு, தேடும் செக்டர் சுழன்று தலைக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். 7,200 சுற்றுள்ள வட்டில் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிநொடி; சராசரிக் காத்திருப்பு அதில் பாதி. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 12.7 மில்லிநொடி. அஃதாவது, வட்டெங்கும் சிதறிக் கிடப்பவற்றை நொடிக்கு 79 முறை மட்டுமே எட்டிப் பிடிக்கலாம். ஒவ்வொரு முறையும் 4 கிலோபைட் எடுத்தால் கிடைப்பது நொடிக்கு 0.3 மெகாபைட். கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கின் 4 கிலோபைட் வரியில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தெரியலாம். சோதனைக் கோப்பு சிறு பரப்புக்குள் அடங்கிவிடுவதால் தலை அதிகம் அலைய வேண்டியிருப்பதில்லை என்பதே காரணம்.

கணக்கை முழுமையாகப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் 20 கிலோபைட் கொண்ட 50,000 கோப்புகள் மொத்தம் 1 கிகாபைட்தான். ஒவ்வொரு கோப்புக்கும் ஒருமுறை தலை நகர்ந்தாலே 635 நொடி ஆகும், வேகம் 1.6 மெகாபைட். அதே 1 கிகாபைட் ஒற்றைக் கோப்பாக இருந்திருந்தால் 6 நொடியில் முடிந்திருக்கும். கோப்பின் பெயர், தேதி, இருப்பிடம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத இன்னும் சில நகர்வுகள் உண்டு. அவற்றை இங்கே சேர்க்கவேயில்லை.

1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் வன்வட்டு அலகு, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளில் 50 லட்சம் எழுத்துகளைக் கொண்டிருந்தது. ஓர் இடத்தை எட்ட 600 மில்லிநொடி எடுத்தது. அதன் கொள்ளளவு நம் பைட் கணக்கில் 4 மெகாபைட்டுக்கும் குறைவு. இன்று 20 டெராபைட் வட்டு வந்துவிட்டது. கொள்ளளவு பல லட்சம் மடங்கு பெருகியிருக்கிறது. எட்டிப் பிடிக்கும் நேரமோ ஐம்பதில் ஒரு பங்காக மட்டுமே குறைந்திருக்கிறது. கையையும் தட்டையும் அசைக்க ஆகும் நேரத்தை எந்தக் கேபிளும் குறைத்துவிடாது.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அனுப்பும்போது, அவை எஸ்.எஸ்.டி.யில் இருந்தால் அங்கேயே ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி அதை வன்வட்டுக்கு அனுப்புங்கள். ஒளிப்படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் சுருக்கமில்லாத முறையைத் தேர்ந்தால் போதும். ஒரே வட்டில் இரண்டு நகல் வேலைகளை ஒருசேர ஓட்டாதீர்கள்; தலை இரண்டு இடங்களுக்கும் மாறிமாறி ஓடி இரண்டையும் தாமதமாக்கும். ஒரு வட்டிலிருந்து அதே வட்டுக்கு நகலெடுப்பதும் இத்தகையதே. இயங்குதளத்தை எஸ்.எஸ்.டி.யிலும், பெரிய கோப்புகளை வன்வட்டிலும் வைப்பது எல்லாவற்றையும்விடப் பயன் தரும்.

ஏழாம் படி: எழுதும்போது மட்டும் வேகம் விழுந்தால்

வாசிப்பு வளைகோடு நன்றாக இருக்கிறது. எழுதத் தொடங்கிப் பல கிகாபைட் வரை வேகமும் சரியாக இருக்கிறது. பிறகு திடீரென்று 20, 30 மெகாபைட்டுக்கு விழுகிறது என்றால், அந்த வட்டு எஸ்.எம்.ஆர். வகையாக இருக்கலாம். கூரையில் ஓடு வேய்வதுபோல் இவ்வகையில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறிப் பதிக்கப்படுகின்றன. இதனால் கொள்ளளவு கூடுகிறது. ஆனால் இடையிலுள்ள ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டுமானால் அதையடுத்த தடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். வருவதை வட்டு முதலில் வழக்கமான முறையில் அமைந்த ஒரு சிறு பகுதியில் வாங்கி வைத்துக்கொள்கிறது. அது நிரம்பியதும் எழுதவும் வேண்டும், அடுக்கவும் வேண்டும் என்றாகித் திணறுகிறது. சும்மா விட்டுவைத்தால் அடுக்கி முடித்து மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இதைப் பழுது என்று சொல்ல முடியாது. காப்பு நகலுக்கு, எப்போதாவது எழுதிப் பலமுறை படிக்கும் வேலைக்கு, இவ்வகை வட்டு தாராளமாகப் போதும்; பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அடுக்குக்கும் ஓயாமல் எழுதும் வேலைக்கும், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சி.எம்.ஆர். வகையையே தேடி வாங்க வேண்டும். சில மாதிரிகளில் இவ்வகை சொல்லப்படாமலே விற்கப்பட்டது 2020இல் வெளிவந்து பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. அதன்பின் தயாரிப்பாளர்கள் எந்த மாதிரி எந்த வகை என்ற பட்டியலை வெளியிட்டார்கள். வாங்குமுன் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: கோளாறு என்று ஐயப்பட வேண்டிய இடம்

ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் பள்ளம், கோப்பைத் திறக்கையில் பல நொடி உறைதல், உள்ளிருந்து ‘டிக் டிக்’ என்ற ஒலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், வட்டு தன்னைப் பற்றி எழுதி வைத்துள்ள ஸ்மார்ட் பதிவைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ அதைக் காட்டும். 5ஆம் எண் இடம் மாற்றப்பட்ட செக்டர்களையும், 197ஆம் எண் படிக்க முடியாமல் நிலுவையில் உள்ளவற்றையும், 199ஆம் எண் கேபிள் வழியில் நேர்ந்த பிழைகளையும் குறிக்கின்றன. அந்தக் கருவி 197, 199 ஆகியவற்றை சி5, சி7 என்று எழுதும். 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்; பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். பழைய எண்ணிக்கை அழியாமல் அப்படியே நிற்கும், ஆகவே புதிதாக ஏறுகிறதா என்பதையே கவனிக்க வேண்டும். அதே திரையில், இப்போது இயங்கும் இணைப்பு வேகமும் வட்டு தாங்கக்கூடிய வேகமும் அருகருகே இருக்கும்.

5ஆம் எண்ணோ 197ஆம் எண்ணோ ஏறிக்கொண்டிருந்தால் வேக அளவீட்டை அத்துடன் நிறுத்திவிட வேண்டும். வட்டு முழுவதையும் படிக்கும் சோதனை, தளர்ந்துபோன தலைக்கும் தட்டுக்கும் பல மணி நேர வேலை. அந்த நேரத்தைத் தரவை வெளியே எடுப்பதற்குச் செலவிடுங்கள். மாற்றுப் பிரதி இல்லாத கோப்புகளை முதலில் எடுங்கள், திரும்பப் பதிவிறக்கக்கூடியவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள், நகல் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டால் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போங்கள். உத்தரவாதக் காலம் மீதமிருந்தால், மாற்றித் தருமாறு கேட்கையில் ஸ்மார்ட் பதிவின் படத்தை இணையுங்கள். இணைப்பின் 600 மெகாபைட் கிடைக்கவில்லை என்ற முறையீட்டை எவரும் ஏற்கமாட்டார்கள், நிலுவையிலுள்ள செக்டர்களின் எண்ணிக்கையை அவ்வளவு எளிதில் மறுக்கவும் மாட்டார்கள்.